48ஆம் பின்

ஒக்டோபர் 6, கிளிநொச்சி

சிவப்பு வெள்ளை ஃபமிகொம், நின்டென்டோவின் பழைய ரீவி கேம் மெஷின். ஜப்பானில இருந்து நேர வந்த சாமான். அடப்டரின் அடியில 100 வோல்ட் எண்டு தெளிவாக அடிச்சிருக்கு, அதை எங்கட 230இல குத்தியிருக்கினம். ட்ரான்ஸ்போமரின் பிறைமரி, கரண்ட் உள்ள போற சுருள், எரிஞ்சு ஓப்பன், அறுந்துபோச்சு. வார்னிஷ் கருகின மணம் இன்னும் போகேல்லை.

மெஷின் செத்திட்டுது எண்டு இப்பவே சொல்லேலாது. எரியிறதுக்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரத்தில 10 வோல்ட் வரவேண்டிய இடத்தில 23க்கு மேல வந்திருக்கும். உள்ள நிண்டு வாற வோல்ட்டை 5ஆக்கிற 7805 ரெகுலேற்றர் 35 வரைக்கும் தாங்கும், அதுக்குப் பின்னால உள்ள ஐசிகளுக்கு 5தான் போயிருக்கும். அடி வாங்கியிருந்தால் 7805க்கு முன்னால நிக்கிற பில்டர் கொண்டென்சர்தான் வாங்கியிருக்கும்.

31க்குள்ள முடிக்க வேணும்.

ஒக்டோபர் 7

அடப்டர் விசயம். இதுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி அம்பியர், நடு மைனஸ். 9 வோல்ட்டும் போதும். கடைகளில கிடைக்கிற ரவுட்டர் அடப்டர் எல்லாம் நடு பிளஸ், அப்பிடியே குத்தினால் மெஷின் போகும். இதே மெஷினின் அமெரிக்க வடிவமான நெஸ்ஸின் அடப்டரைக் குத்தினாலும் போகும், அது ஏசி தருவது. நெஸ்ஸுக்குள்ள ஏசியை டிசியாக்கிற பிரிட்ஜ் இருக்கு, ஃபமிகொமுக்குள்ள இல்லை.

பாரமான, ட்ரான்ஸ்போமர் உள்ள 9 வோல்ட் 1 அம்பியர் ஒண்டு வாங்கினன். பிளக்கை வெட்டி ரெண்டு வயரையும் மாத்திப் பற்றவைச்சன். சிவப்பு ப்ரோப் நடுவில, கறுப்பு வெளியில: மீற்றர் மைனஸ் காட்டவேணும். காட்டினது. அதுக்குப் பிறகுதான் மெஷினுக்குக் கிட்டக் கொண்டுபோனன்.

ஒக்டோபர் 8

காலமையிலயிருந்து நாலு மணி மட்டும் கரண்ட் இல்லை.

ஒக்டோபர் 9

ஆர்எஃப் வழியா, அதாவது ரீவியின் அண்டெனா வழியா, படம் எடுக்கிற யோசனையை விட்டாச்சு. ஜப்பானின் 1ஆம், 2ஆம் சனல் 91.25, 97.25 மெகா ஹேட்ஸில கிடக்கு, இங்க அந்த இடம் எஃப்எம் ரேடியோவின்ர. ஏதோ ஒரு ரீவி படத்தைப் பிடிச்சாலும் சத்தம் வராது: அவைக்குப் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையில 4.5 மெகா ஹேட்ஸ், எங்களுக்கு 5.5.

அதால படத்தையும் சத்தத்தையும் நேர ரீவிக்குக் குடுக்கிற ஏவி போட்டன். படம் கீறுற பிபியூ எண்ட 40 கால் ஐசியின் 21ஆம் கால்தான் படம். மூலையில, 20க்கு நேர எதிர நிக்கும். அந்தக் காலைப் போர்டில இருந்து தூக்கிவிட வேணும். தூக்காமல் மேலால வயர் இழுத்தால் திரையில நெடுகக் கம்பி கம்பியாக் கோடு விழும். தூக்கின காலில இருந்து ஏ1015 ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிற்றரில இருந்து 300 ஓம் 5 வோல்ட்டுக்கு, அதே எமிற்றரில இருந்து 110 ஓமும் 220 மைக்ரோ கொண்டென்சரும் தொடரா மஞ்சள் பிளக்குக்கு, கொண்டென்சரின் பிளஸ் எமிற்றர் பக்கம். 2என்3906ம் வேலை செய்யும், ஆனால் கால் வரிசை வேற: ஏ1015இல பேஸ் ஓரத்தில, 3906இல நடுவில. சத்தத்தைக் கசற் (கேம் உள்ள பெட்டி) குத்துற சொக்கெற்றின் 46ஆம் பின்னில எடுத்தன்.

ரீவியின் மெனுவில ஜப்பானின் கலர் முறையான என்டிஎஸ்சி 3.58 போட்டபிறகுதான் கலர் வந்தது. வராட்டில் கிறிஸ்டலுக்குப் பக்கத்தில ஒரு ட்ரிம்மர் இருக்கு, பிளாஸ்டிக் திருகாணியால ஒரு மயிரளவு திருப்பிப் பாக்கலாம்.

ஒக்டோபர் 11

படம் இருக்கு, குறுக்கால தடிச்ச பட்டை ஓடுது. பத்து நிமிசத்தில தானாக ரீசெற்.

7805இன் வெளிக்காலில 5.01, கசற் இல்லாமல். கசற் போட்டுப் பத்து நிமிசம் விட்டால் 4.61. உள்வரவில 8.9 காட்டுது, பாத்தால் நல்ல கணக்கு. மீற்றரை ஏசிக்குத் திருப்பி அதே இடத்தில வைச்சால் 1.9. டிசியில மீற்றர் காட்டுறது சராசரி. ஏசியிலயே 1.9 எண்டால், நொடிக்கு நூறு தரம் உள்வரவு 7க்குக் கீழ இறங்குது. 7805க்குத் தன்ர 5ஐ விடக் குறைஞ்சது 2 வோல்ட் கூடுதலா வேணும், கிடைக்காட்டில் 5ம் அதோட சேந்து இறங்கும். பட்டையும் ரீசெற்றும் அதால வந்தது.

பில்டர் கொண்டென்சரின் தலை லேசாக ஊதிக் கிடந்தது. 6ஆம் திகதி எழுதினது சரி. 1000 மைக்ரோ, 25 வோல்ட் போட்டன், 16 வேண்டாம். 7805க்கும் தகட்டுக்கும் இடையில காய்ஞ்சு சுண்ணாம்பாய்க் கிடந்த பேஸ்டைச் சுரண்டிப் புதுசு வைச்சன்.

ஏசியில இப்ப 0.2. வெளியில 4.98.

ஒக்டோபர் 12

4.98.

பட்டை போனபிறகுதான் மற்றது கண்ணில படுது. கேமில ஆள் சரியாக ஓடுறான், குதிக்கிறான், பாட்டுப் பிசகேல்லை. பின்னால உள்ள சுவரும் எழுத்தும் எண்ணும் கண்டபடி சிதறிக் கிடக்கு.

"மாமா, சரிவந்திட்டுதோ?"
"இன்னும் இல்லையடா."

ஒக்டோபர் 13

ஆள் ஒழுங்கு எண்டால் பிபியூ ஒழுங்கு, ஓடுற உருவங்களின் நினைவகம் அதுக்குள்ளேயே இருக்கு. பாட்டு ஒழுங்கு எண்டால் சிபியூவும் அதின்ர ராமும் ஒழுங்கு. பின்னணிதான் சிதறுது எண்டால் மிஞ்சிறது வீடியோ ராம், 2 கிலோபைட் 6116. 6116 ஒண்டு கொழும்பில சொல்லியிருக்கு, பஸ்ஸில போட்டுவிடுவினம்.

நல்ல 6116ஐப் பழசின் முதுகில வைச்சுப் பாக்கிற வழி ஒண்டு இருக்கு. நான் அதை நம்புறதில்லை. பழசு வரியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டிருந்தால் மேல வைச்ச நல்லதும் பிழையாத்தான் காட்டும்.

ஒக்டோபர் 15

இடி. பிளக்கும் கழட்டி, ஏவி வயரும் கழட்டி. அண்டெனாவில விழுறது ரீவி வழியாகவும் உள்ள வரும்.

ஒக்டோபர் 17

பஸ்ஸில ஒண்டும் இல்லை. 4.98.

ஒக்டோபர் 19

வீடியோ ராமின் ரெண்டு வரி போர்டுக்குள்ள நேர முடியேல்லை, கசற்றுக்குள்ள போய்த்தான் திரும்பி வருது! ரெண்டு பின்னணித் திரையை மேல கீழ வைக்கிறதோ பக்கத்தில பக்கத்தில வைக்கிறதோ எண்டு ஒவ்வொரு கசற்றும் தானே தீர்மானிக்கிறதுக்காக அப்பிடிச் செய்திருக்கினம். 18ஆம் பின் விலாசத்தின் ஏ10. 48ஆம் பின் சிப் எனேபிள், ராமை வேலை செய்ய விடுற வரி. சொக்கெற்றில ரெண்டும் எதிரும் புதிருமா நிக்குது. அதில ஒண்டு தொடாமல் போனால், சாகாத ராம் செத்த மாதிரியே காட்டும்.

இதை 13ஆம் திகதியே யோசிச்சிருக்க வேணும். மூண்டு கசற்றிலயும் ஒரே சிதறல் எண்டு அண்டைக்கே தெரியும்.

கரண்டைக் கழட்டிப்போட்டு மீற்றரை ஓமில வைச்சன். சொக்கெற் 18இல இருந்து 6116இன் 19ஆம் காலுக்கு: 0.4 ஓம். சொக்கெற் 48இல இருந்து 6116இன் 18ஆம் காலுக்கு: 0.5. சொக்கெற்றைப் பெருவிரலால முன்னுக்குத் தள்ளினன். ஓப்பன். விட்டன், 0.5. தள்ளினன், ஓப்பன்.

போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியால பாத்தால், பின்னைச் சுத்தி ஈயத்தில ஒரு கறுப்பு வளையம், தலைமயிரை வைச்ச மாதிரி. வளையத்துக்குள்ள A9 ரோட்டின் செம்மண் தூள்.

ஒக்டோபர் 20

பழைய ஈயத்தின் மேல புது ஈயம் அப்பினால் வெடிப்பு உள்ளுக்கே இருக்கும். ஃப்ளக்ஸ் தடவி, 350 பாகையில, உறிஞ்சு பம்பால பழசு முழுக்க எடுத்து, பின்னைச் சுரண்டி, புதுசு. ஒரு பின்னுக்கு மூண்டு செக்கனுக்கு மேல அயனை வைச்சால் போர்டின் செப்பு கிளம்பும். 48ஓட நிக்கேல்லை, சொக்கெற்றின் அறுபது பின்னையும் செய்தன். கசற்றைத் தள்ளித் தள்ளி வெடிச்ச ஈயம், பக்கத்துப் பின்னும் அதே தள்ளலைத்தான் வாங்கியிருக்கும்.

சுவர் சுவரா வந்திட்டுது.

ஒக்டோபர் 22

கசற் விளிம்பு: 99 வீத ஐசோபுரொப்பைல், பஞ்சுக் குச்சி, கறுப்பு வராத மட்டும். பார்மசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில ஆமணக்கெண்ணெய் கலந்தது இருக்கு, அது படையா நிண்டு தூசியைப் பிடிக்கும். மண்தாள் தொடவே கூடாது, மேல உள்ள பூச்சுப் போனால் செப்புக் களிம்பு பிடிக்கும். வாயால ஊதிறதையும் நிப்பாட்டச் சொல்லியிருக்கு, எச்சில்தான் பச்சை பிடிக்கிறதுக்குக் காரணம்.

ஒக்டோபர் 24

6116 வந்தது. பெட்டியில கிடக்கட்டும்.

ரெண்டு மணித்தியாலம் ஓடவிட்டன். 4.97.

ஒக்டோபர் 26

கரண்ட் போனால் கார் பற்றரியில ஓட்டலாமோ எண்டு கேக்கினம். மெஷின் இழுக்கிறது 430 மில்லி அம்பியர் அளவில. 9 வோல்ட்டில 7805 சூடாக்கித் தள்ளுறது 1.7 வோட், பற்றரியின் 12.6இல 3.3. தகடு கை வைக்கேலாமல் கொதிக்கும். இடையில ஒரு எல்எம்2596 போர்டு வைச்சு 9க்குக் குறைச்சால் சரி. அந்தப் போர்டை முதல்ல தனிய இணைச்சு, திருகி 9 காட்டினபிறகுதான் மெஷினுக்குக் குடுக்கவேணும்.

ஒக்டோபர் 28

முதலாம் பிடியில (கொன்ட்ரோலர்) வலது பக்கம் விட்டு விட்டு வருது. பொத்தானின் அடியில உள்ள கரி ரப்பரைத் துடைச்சும் மாற்றமில்லை. மற்ற ஏழு பொத்தானும் ஒழுங்கு எண்டபடியால் உள்ள இருக்கிற 4021 ஐசியும் வயரும் பிழையில்லை. வயர் அறுந்தால் எல்லாம் ஒண்டாப் போகும், ஐசி எட்டையும் வரிசையா ஒரே வயரிலதான் அனுப்புது. வலதுதான் எட்டாவது. அந்த ஒரு தகட்டில இருந்து 4021க்குப் போற கோட்டை இரவைக்கு ஓமில பாக்கவேணும்.