முள்ளுக்காட்டுப் பக்கத்து வீடு, கிரெனடா

ஜூன் 9, 2024
அம்மாவோட டெஸ்ட் ரிப்போர்ட் வரல. கிரெனடா புறா சத்தமும் இல்ல.

ஜூன் 12
கேட்டுட்டேன்!! மவுண்ட் ஹார்ட்மன் காட்டு ஓரத்துல விடியுறதுக்கு முன்னாடியே போய் உக்காந்திருந்தேன், மழையே இல்லாம மே மாசமே தண்ணி நெருக்கடின்னு அறிவிச்சுட்டாங்க, இப்படி வறண்டா புறா கூப்பிடுறதையே குறைச்சுக்கும், அதான் நம்பிக்கையே இல்ல. திடீர்னு ஒரு "ஹூ…", மேல தொடங்கி கீழ இறங்குது, ஏழெட்டு செகண்ட் கழிச்சு மறுபடி ஒண்ணு. எங்கயோ தூரத்துலன்னு நினைச்சேன், பாத்தா பத்தடி தள்ளி சருகு மேல நடக்குது. சிவப்புக் காலு, வெளிர் ரோஸ் நெத்தி, தோள் ஓரமா வெள்ளைக் கோடு. றெக்கையில ஒரு புள்ளி கிடையாது.

ஜூன் 15
அம்மா போன்ல "என்னடி அது, யாரோ மொனங்குற மாதிரி"ன்னாங்க. புறாம்மா, உலகத்துலயே இந்தத் தீவுல மட்டுந்தான்னேன். நம்ம மரகதப்புறா மாதிரி தரையில மேயும்னு சொன்னதும் "அப்ப பூனை அதைச் சும்மா விடாதே"ன்னாங்க. குரல் ரொம்ப சோர்ந்திருக்கு.

ஜூன் 18
தூக்கம் வரல. 2004 இவான் புயலுக்கு முன்னாடி 180 கிட்ட இருந்துச்சு, 2007ல 136. ஒளிஞ்சு திரியுற பறவை, குரலை வச்சுத்தான் கணக்கு. அப்ப கூப்பிடாத நாள்ல இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? 1991லயே தேசியப் பறவை, 1996ல இந்தக் காடும் பெர்சிவரன்ஸ்ங்கிற இன்னொரு இடமும் பாதுகாப்புப் பகுதி, ஆனா 2007 வாக்குல இதே ஹார்ட்மன்ல ரிசார்ட் கட்ட எல்லாம் பேசி முடிச்சிருந்தாங்க. பாக்க ஒண்ணுக்கும் ஆகாத புதர் மாதிரி இருக்கு, அதான் இதோட கேடு. மலை மேல பச்சைக் காடா இருந்தா யாரும் கை வைக்க யோசிப்பாங்க. இதுக்கு இந்த முள்ளும் சருகும்தான் வீடு, கடலோரம்ங்கிறதால இடத்துக்கு விலையும் ஜாஸ்தி. இவரோட விசா பேப்பர்ல நாட்டு முத்திரை இருக்கு, அதுல இந்தப் புறா நிக்குது. ரெண்டு மூணு தடவை எடுத்துப் பாத்தேன்.

ஜூன் 20
ரிப்போர்ட் திங்கக்கிழமை வருமாம்.

ஜூன் 23
கீரி. பட்டப்பகல்ல காட்டுக்குள்ள இருந்து ரோட்டைத் தாண்டி ஓடுது. கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க 1872ல கல்கத்தாவுல இருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுவந்த வம்சம், அங்கருந்து தீவு தீவா விட்டாங்க. தரையில மேயுற ஜீவன் எங்க போகும்.

ஜூன் 24
இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்.

ஜூன் 29
பெரில்னு புயல். நேரா இங்கதான்ங்கிறாங்க. வீட்டுக்காரம்மா இவான் கதையையே சொல்லிட்டிருக்காங்க, மறுநாள் காலைல மலையில ஒரு இலை இல்லையாம், எல்லாம் பழுப்பாம். நான் அந்தப் புறாக்களைத்தான் கேட்டேன். யாருக்கும்மா அப்ப அதைப் பாக்கத் தோணுச்சுன்னாங்க.

ஜூன் 30
ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு, பக்கெட் எல்லாம் ரொப்பியாச்சு. நாலு மணி இருக்கும், வாசல்ல நின்னா கூப்பிடுது. எண்ணினேன், பதினொண்ணு வரைக்கும் விடாம. பன்னெண்டாவதுக்கு ரொம்ப நேரம் நின்னேன். அம்மாவுக்கு அடிக்கலாம்னா அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும்