கையெழுத்து யாருடையது?

"அரசு போனை ஒட்டுக்கேட்டால் கேட்கட்டுமே, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று நேற்று நண்பர் ஒருவர் கேட்டார். ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது.

குண்டு வைக்கத் திட்டம் போடுகிறவனின் போனை ஒட்டுக்கேட்கட்டும், எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் நம் நாட்டில் ஒருவர் போனை ஒட்டுக்கேட்க நீதிபதி உத்தரவு தேவையில்லை, ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும், அப்புறம் அந்த உத்தரவு சரிதானா என்று பார்க்கிற குழுவில் உட்கார்ந்திருப்பதும் அரசுச் செயலாளர்கள்தான். 1996இல் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் நீதித்துறையின் முன்அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பிற்பாடுகூடத் தகவல் கிடையாது. தெரியாத ஒன்றை எதிர்த்து அவர் எப்படி வழக்குப் போடுவார்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சரி, நடைமுறையில்? பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை வைத்துப் பலரின் போன்களை அரசு வேவு பார்த்ததாகப் புகார் கிளம்பிய விவகாரத்தில், தேசப் பாதுகாப்பு என்று சொன்ன உடனே நீதிமன்றம் வேடிக்கை பார்க்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லி, ஒரு குழுவை அமைத்தது. 29 போன்களைச் சோதித்தார்கள். 5 போன்களில் ஏதோ உளவு நிரல் இருந்திருக்கிறது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதைத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

அரசு ஏன் ஒத்துழைக்கவில்லை? நண்பரிடம் நான் திரும்பக் கேட்டது இதைத்தான்.