மாரி தொடங்குமுன் கடைக்குள் காற்றைப் பாருங்கள்

கொவிட்-19 தொற்றால் 2021 ஓகஸ்ட் 20இலிருந்து மூடிக்கிடந்த இலங்கை ஒக்டோபர் 1இல் திறந்தது. மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஷட்டர்கள் ஏறின. வாசலில் கைகழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தன, சுவரில் முகக்கவச அறிவித்தல் தொங்கியது. ஆனால் வருடக் கடைசியில் வாடைக்காற்றும் மாரியும் வந்துவிடும். சாமான் நனையாமலிருக்க ஷட்டரைப் பாதிக்கு இறக்குவோம், முன்னால் படங்கு கட்டுவோம். கடைக்குள் காற்று நின்றுபோவது அப்போதுதான். கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொட மீன்சந்தையில் தொற்றுப் பரவியதற்குப் பிறகு எழுந்த அலையில், 2020இல் அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டதும் நவம்பர் கடைசி மழைக்காலத்தில்தான். ஆகவே செய்ய வேண்டியதை மழைக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

கடையில் முதலில் காப்பாற்றப்பட வேண்டியவர் பத்து நிமிடம் வந்து போகிறவர் அல்ல. காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை காசு லாச்சியடியில் நிற்கிற ஆள்தான். வருகிறவர்கள் எல்லாரும் விடும் மூச்சு அவருக்குத்தான் போய்ச் சேர்கிறது. அவருக்குத் தொற்றினால் அன்று வந்த அத்தனை பேருக்கும் அவரிடமிருந்து போகும். கீழே உள்ளவை எல்லாம் அவரை நினைத்து எழுதியவை.

காற்றைப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். வழக்கமாகக் கடை எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, காசு லாச்சிக்குப் பக்கத்தில் பத்தியைக் கொளுத்துங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது? அணைத்த பிறகு எவ்வளவு நேரம் தங்குகிறது? ஐந்து நிமிடம் கழித்தும் அந்த மூலையில் புகை கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே காற்று மாறவில்லை. அடுத்து பின்கதவையோ யன்னலையோ திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். பல கடைகளில் பின்பக்கத்தை அரிசி மூட்டையும் பெட்டியும் அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை நகர்த்துவதற்குச் செலவில்லை.

பின்கதவே இல்லாத கடைக்கு காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். கணக்கு எளிது. 10 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் உள்ளே 2000 கன அடி காற்று. அது மணிக்கு ஆறு தடவை மாற நிமிடத்துக்கு 200 கன அடி வெளியேற வேண்டும். விசிறியின் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீற்றர் என்று போட்டிருந்தால், 340 என்பது ஏறக்குறைய அதே அளவு. வலையில் தூசி படிந்தால் வேகம் குறையும் என்பதால் இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்குவது புத்தி. பின்சுவரில் உயரத்தில் பூட்டுங்கள், காற்று முன்வாசலால் நுழைந்து கடை முழுக்க நடந்து பின்னால் போக வேண்டும். முன்வாசலுக்கு மேலேயே பூட்டிவிட்டால் வாசலால் வந்த காற்று அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடும், உள்மூலை அப்படியே கிடக்கும். மேலே தொங்கும் சீலிங் ஃபேன் இதற்கு மாற்றல்ல, உள்ளே இருக்கும் காற்றையே அது கிளறுகிறது. நிற்கும் ஃபேனை வாடிக்கையாளரின் முதுகுப் பக்கமாக வைத்து விற்பவரின் முகத்துக்கு அடிக்க விடுவது எல்லாவற்றிலும் கேடானது.

படங்கைக் கடை முகப்போடு ஒட்டிக் கட்டவேண்டாம். இரண்டடி முன்னால் தள்ளி, சாய்வாக, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால் சாரலும் அடிக்காது, காற்றும் போய்வரும். புடவைக்கடைகளில் ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்துவது வழக்கம். சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே குளிராக்கிச் சுற்றவிடுகிறது. கரண்ட் பில் கூடினாலும் கதவில் ஒரு பாகம் திறந்தே இருக்கட்டும். காசு மேசைக்கு முன்னால் பொலித்தீன் திரை தொங்கவிட்டவர்களுக்கும் ஒன்று: இருமல் துளியை அது மறிக்கும், ஆனால் கூரை முதல் தரை வரை மூடிக் கட்டினால் காசாளரின் பக்கம் காற்று அடைபட்டுப்போகும். முக உயரத்துக்கு மட்டும் போதும்.

சின்னப் பலசரக்குக் கடைக்கு இதைவிட நல்ல வழி, வாசலுக்குக் குறுக்கே ஒரு மேசையைப் போட்டு எல்லாரையும் வெளியே நிறுத்திச் சாமான் கொடுப்பது. உள்ளே விடத்தான் வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் கட்டுங்கள். மேலே சொன்ன அளவுக் கடையில் இறாக்கையும் மேசையும் போக நடக்கக் கிடைப்பது பாதி. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வாசலில் நான்கு பிளாஸ்டிக் அட்டை தொங்கட்டும், ஒருவர் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வரும்போது திரும்ப மாட்டட்டும். அட்டை இல்லையென்றால் காத்திருப்பார்கள், யாரும் வாய்த்தர்க்கம் செய்யத் தேவையில்லை. வரிசைக்கு ஒரு மீற்றர்க் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டால் முதல் மழையில் போய்விடும், பெயின்ரில் போடுங்கள்.

இனி முகக்கவசம். மூன்றடுக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசத்தில் நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே. கம்பியை இரண்டு விரலால் மூக்கெலும்பின் இருபுறமும் அழுத்த வேண்டும். வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள்: கண்ணுக்குக் காற்று வந்தால், மூக்குக் கண்ணாடி மங்கினால், மேலே இடைவெளி இருக்கிறது. கன்னத்தில் இடைவெளி என்றால் காதுப்பட்டியை முகக்கவசத்தின் விளிம்போடு ஒரு முடிச்சுப் போட்டு, விரியும் ஓரத்தை உள்ளே மடித்துவிடலாம். தாடி உள்ளவர்களுக்கு எவ்வளவு விலை கொடுத்து கேஎன்95 என்ற இறுக்கமான வடிகட்டிக் கவசத்தை வாங்கினாலும் அது தோலோடு ஒட்டாது. சத்திரசிகிச்சை முகக்கவசத்துக்கு மேல் இறுக்கமான துணிக்கவசம் போடுவது அவர்களுக்கு நல்லது. ஹிஜாபுக்கு மேலே காதுப்பட்டியை மாட்டும் சகோதரிகளுக்கு அது வழுக்கி வழுக்கி இறங்கும். தலைக்குப் பின்னால் கட்டும் நாடா உள்ளதைத் தேடுங்கள், இல்லையென்றால் இரண்டு பட்டியையும் பின்னால் ஒரு கொக்கியில் இணையுங்கள். நிகாபின் மெல்லிய துணி முகக்கவசத்துக்கு ஈடாகாது, உள்ளே ஒன்று போடவேண்டும். சேலைத் தலைப்பும் லேஞ்சியும் அப்படித்தான். முன்னால் வால்வு உள்ளவற்றை வாங்கவே வேண்டாம், போட்டவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வரும்.

எங்கள் வெக்கைக்கு முகக்கவசம் சீக்கிரம் நனையும். நனைந்தால் மூச்சு முட்டும், ஆள் தானாகவே அதை நாடிக்கு இறக்கிவிடுவார். ஆகவே ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று: காலை, சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரம். இதை முதலாளிதான் வாங்கிக் கொடுக்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர்கள் துப்புவதற்கு ஒவ்வொரு தடவையும் கவசத்தை இழுப்பார்கள். வேலை நேரத்தில் கடைக்குள் வெற்றிலை இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சந்தையில் மீன் விலையைக் கூவுகிறவர் பேசுகிறவரைவிட அதிகம் துளி விடுகிறார், விலையைப் பலகையில் எழுதி வைத்தால் கூவல் குறையும்.

பல கடைகளில் பகல் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, ஒரு மணிக்கு நாலைந்து பேர் பின்னறையில் சுற்றியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். கவசம் இல்லை, யன்னல் இல்லை, பேச்சும் சிரிப்பும் உண்டு. தொற்றுவதற்கு இதைவிட வசதியான இடம் கடையில் கிடையாது. அரை மணிக்கு ஒருவராக, முடிந்தால் வளவில் வைத்துச் சாப்பிடட்டும்.

குளோரின் விசயத்தில் சுருக்கமாக. கிணற்றுக்குப் போடும் 70 வீதக் குளோரின் தூள் 15 கிராம், மட்டமாக ஒரு மேசைக்கரண்டி அளவு, 10 லீற்றர் தண்ணீருக்கு. கைப்பிடி, மேசை, தராசுத் தட்டு ஆகியவற்றைத் துணியால் துடைத்து 10 நிமிடம் விட்டு, இரும்பை நல்ல தண்ணீரால் திரும்பத் துடையுங்கள், இல்லையென்றால் கறள் பிடிக்கும். நாளுக்கு நாள் புதிதாகக் கரைக்க வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு வரும். ஆட்கள்மேல் அடிக்கவே கூடாது. தொடும் பொருட்களால் தொற்றுவது மூச்சால் தொற்றுவதைவிட மிகக் குறைவு என்பது இப்போது தெளிவாகிவிட்டது, ஆகவே காசு குளோரினில் போவதைவிட விசிறியில் போகட்டும்.

வெப்பமானியைப் பற்றி. 2020 ஒக்டோபர் வர்த்தமானி முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, பெயர்ப் பதிவு என்பவற்றோடு உடல்வெப்பம் பார்ப்பதையும் கட்டாயமாக்கியிருந்தது, அப்போது செய்யத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரின் நெற்றி கூடுதலாகக் காட்டும், வியர்த்த நெற்றி குறைவாகக் காட்டும். நிழலில் ஐந்து நிமிடம் நிற்கவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, கருவியின் கையேடு சொல்லும் தூரத்தில், நெற்றியில் பிடியுங்கள். மணிக்கட்டில் பிடித்தால் அளவு பிழைக்கும். தொற்றுள்ள பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. காய்ச்சலைக் குறைக்கும் பெனடோல் போட்டுக்கொண்டு வந்தவருக்கும் காட்டாது. வேலைக்கு நிற்கிற பிள்ளை தடிமன் என்று சொன்னால் சம்பளம் வெட்டப்படும் என்ற பயம் இருக்கும்வரை, அவர் பெனடோலைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று இன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.