‘பிலீஃப்’: விருப்பத்தில் வேர்விட்ட சொல்

ஆங்கிலத்தில் ‘பிலீஃப்’ (belief) என்றால் நம்பிக்கை. பள்ளியில் நாம் எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டது இந்த ஒரு வரிதான். எழுத்துக்கூட்டலில் ஐ முந்தி வரும், ஈ பிந்தி வரும். பெயர்ச்சொல்லுக்கு எஃப், வினைச்சொல்லுக்கு வி என்பதோடு பாடம் முடிந்தது. அதன் பூர்வீகத்தைப் பேச அன்று நேரமிருக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘யெலேயாஃபா’. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘யெ’ என்ற முன்னொட்டு மாறி ‘பி’ ஆயிற்று. ஜெர்மனியரின் ‘கிளௌபே’ அந்தப் பழைய முன்னொட்டைத் தன் முதல் ஒலியில் இன்றும் சுமக்கிறது. முன்னொட்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் வேரின் பொருள் விரும்புதல், நேசித்தல். ‘லவ்’ பிறந்ததும் அதே வேரில்தான். ஆகவே ஒன்றை நம்புவது என்பது, ஆதியில், அதை அருமையாகக் கருதுவது. வடமொழி ‘லோபம்’ இதே குடும்பம். நாம் கஞ்சனைச் சொல்லும் ‘உலோபி’ அதன் வழி வந்தது. விருப்பம் அங்கே பேராசையாகத் திரிந்துவிட்டது.

என்னை மிகவும் வியக்க வைப்பது தமிழ்தான். தொல்காப்பிய உரியியல் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது. நசை என்றால் விருப்பம். நம்பு என்ற சொல்லும் விருப்பத்திலிருந்தே நம்பிக்கைக்கு நடந்து வந்திருக்கிறது! ‘பிலீஃப்’, ‘நம்பு’ என்ற இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவுமில்லை. ஒலியைப் பார்த்து முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. பொருள் நடந்த பாதை மட்டுமே ஒன்று.

கடவுளிடம் வைக்கும் பற்றுக்கும் முதலில் ‘பிலீஃப்’ என்றே சொன்னார்கள். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக, இலத்தீன் ‘ஃபிடெஸ்’ என்பதன் வழித்தோன்றலான ‘ஃபெய்த்’ வந்து அந்த இடத்தை மெல்லப் பிடித்தது. 16ஆம் நூற்றாண்டளவில் ‘பிலீஃப்’ என்பதற்கு ‘உண்மையென ஏற்றல்’ என்ற பொருள் வலுத்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ‘பிலீவ் ஹிம்’ என்றால் அவர் சொன்னதை நம்புவது. ‘பிலீவ் இன் ஹிம்’ என்றால் அவர் மீதே நம்பிக்கை வைப்பது. பழைய பற்று அந்தச் சின்ன ‘இன்’னில் தங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ‘அவரை நம்புகிறேன்’ என்று எழுதினால் வேறுபாடு காணாமற்போகும். பன்மையிலும் கவனம் தேவை: ‘லீஃப்’ ‘லீவ்ஸ்’ ஆவதுபோல இது மாறாது. ‘பிலீஃப்ஸ்’ என்பதே சரி, ‘பிலீவ்ஸ்’ வினைச்சொல்.