கையுறை கேட்டவன்

"மாமா, கையுறை போட்டுக்கிறவா?" என்று கேட்டான். "கடைசல்ல கையுறையா? கழட்டி வைடா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு, ஐந்து விநாடி இருக்காது. ஒரு வருஷமாக அதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, தொந்தரவே அதுதான்.

லேத் என்பது கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைகிற மெஷின். அதில் கையுறை ஆகாது. வெறுங்கை உரசினால் தோல் போகும், கை தானாக விலகும். கையுறையின் நூல் ஒன்று சிக்கினால் கை விலகாது, கட்டையோடு போகும். எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. பெல்ட் ஓடும் சக்கரம், அதாவது புல்லி, இரண்டும் ஒரே அளவில் கிடந்ததால் கட்டைக்கும் கிட்டத்தட்ட அதே வேகம். விநாடிக்கு 24 சுற்று. இரண்டரை அங்குலக் கட்டையில் எட்டு முழ வேட்டி சிக்கினால் ஒரு விநாடிக்குள் முழுசாகச் சுருண்டுவிடும். அதனால் என் பட்டறைக்குள் லுங்கி கிடையாது. முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் கட்டிய கயிறானாலும் ஏர்வாடியில் கட்டிய கயிறானாலும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மெஷின் பக்கம் வரணும்.

இதெல்லாம் அவனுக்கும் தெரியும். பாம்பன் பையன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கும், அவன் என்னிடம் வருவான். நிவாரணம் 8,000 ரூபாயை வைத்து எந்த வீடு இரண்டு மாசம் ஓடும்? மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கட்டையை மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார், உளியைத் தாங்கும் ரெஸ்ட்டில் இடிக்கிறதா என்று. சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காதே. பழைய வள்ளத்துப் பலகை வந்தால் காந்தம் வைத்துப் பார். செம்பு ஆணி காந்தத்துக்குச் சிக்காது, அதைக் கண்ணால்தான் தேடணும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் ரெஸ்ட்டைக் கழற்று, இல்லையென்றால் விரல் நடுவில் மாட்டும். தாளைக் கட்டைக்கு அடியில் பிடி. சிக்கினாலும் கையை அப்பால் தள்ளிவிடும்.

அன்றைக்கு அவன் எல்லாம் சரியாகத்தான் செய்தான். ரெஸ்ட்டைக் கழற்றியிருந்தான், தாளை அடியில்தான் பிடித்திருந்தான். உள்ளங்கையில் ஒரு துணி சுற்றியிருந்தான்.

முந்தின நாள் படகின் அடியைச் சுரண்டும்போது சிப்பி கிழித்திருக்கிறது. காலையில் வந்ததும் என்னிடம் காட்டினான். ஆழமில்லை, ஆனால் வாய் பிளந்திருந்தது. அதற்காகத்தான் கையுறை கேட்டான். நான் கழற்றச் சொன்னதும் கழற்றிவிட்டான், மறுபேச்சில்லை. டீ குடித்துவிட்டு வந்தபோது பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றைச் சுற்றி, புறங்கையில் முடிச்சுப் போட்டிருந்தான். முடிச்சின் நுனி இரண்டு அங்குலம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை நான் பார்க்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். நான் இரண்டாவது மெஷினில் குனிந்து உளி பிடித்துக்கொண்டிருந்தேன், அது நிஜம். ஆனால் தொங்கிய நுனி இரண்டு அங்குலம் என்று எப்படி எழுதுகிறேன்? பார்த்திருக்கிறேன். வெள்ளையாக ஏதோ ஆடியதைப் பார்த்தேன், தோளில் கிடக்கும் துண்டாக இருக்கும் என்று விட்டேன். அவன் துண்டு போடுகிறவனே இல்லை. படிக்கட்டுக் கால் நாற்பதில் பதினொன்று பாக்கி. வெள்ளிக்கிழமை குடிபுகுறாங்க. நிறுத்து என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவன் கூலியும் போயிருக்கும் என்று ஒரு நியாயம் கைவசம் வைத்திருக்கிறேன். அது அப்போது தோன்றியதா, பிறகு நான் உண்டாக்கிக்கொண்டதா, நிச்சயமில்லை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெல்ட் கீச்சென்றது, ரப்பர் தீய்கிற வாசம் வந்தது, அவன் "மாமா" என்றான். கட்டை நின்றுபோயிருந்தது, மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. சுவிட்ச் மெஷினுக்குப் பின்பக்கச் சுவரில். அவன் தோளுக்கு மேலாக எட்டித்தான் அணைத்தேன். இப்போது அதை இடுப்பு உயரத்துக்கு, முன்பக்கம் மாற்றிவிட்டேன். மாற்ற நூற்றைம்பது ரூபாய்தான் ஆனது.

நடுவிரல் முறிந்ததோடு போயிற்று. பொங்கலிலிருந்து இறுக்க வேண்டும் இறுக்க வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டு வந்த பெல்ட் அது. ஒழுங்காக இறுக்கியிருந்தால் வழுக்கியிருக்காது, கட்டையும் நின்றிருக்காது. கை என்னவாகியிருக்கும் என்று நினைக்கப் பிடிக்கவில்லை.

தடை முடிந்து படகுகள் கிளம்பியபோது அவன் கட்டோடு கரையில் நின்றான். வருஷத்தில் நல்ல மீன்பாடு கிடைக்கிற நாட்கள் அவை. ஆஸ்பத்திரிச் செலவு நான் கொடுத்தேன், ஆறு வாரக் கூலியும் கொடுத்தேன். அதையும் இங்கே எழுதாமல் விட முடியவில்லை, பாருங்கள்.

அவன் அம்மா பட்டறைக்கு வந்தது. சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடியே, "ஏண்ணே, அவன் கையுறை கேட்டானாம்ல? நீங்கதான் வேணாம்னு சொன்னீகளாம். அதப் போட்டிருந்தா விரலு தப்பியிருக்கும்ல?" என்று கேட்டது.

கையுறை போட்டிருந்தால் இதைவிட மோசமாகப் போயிருக்கும்மா என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர், "பதிலே பேசாம ஏத்துக்கிட்டியே, பெரிய மனசுய்யா" என்றார். மனசாவது ஒன்றாவது. கையுறைக்கு விளக்கம் சொல்லப் போனால், "அப்ப துணி கட்டுனதப் பாக்கலையா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். நான் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. அந்த அம்மா இன்றைக்கும் கையுறையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்த ஏப்ரலில் அவன் மறுபடி வந்தான். நடுவிரல் முழுசாக மடங்கவில்லை. உளிப்பிடியில் மற்ற விரல்கள் படிந்திருக்க அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசல் என்னவோ முன்னைவிடச் சுத்தம். மூன்றாம் நாள் கட்டில் கால் ஒன்றை மாட்டிவிட்டுக் கேட்டான்: "மாமா, பெல்ட்டு இன்னும் லூசாத்தான் கெடக்கு. கனமான கட்டை போட்டா வழுக்குது. இறுக்கிரவா?"

ஒருமுறை வழுக்கிய பெல்ட் மறுமுறையும் வழுக்கும் என்று நம்பக்கூடாது, தெரியும். இறுக்குவதுதான் முறை, அதுவும் தெரியும்.

"கெடக்கட்டும்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.