போர்டு போன பிறகும் போகாத டிரைவர்கள்

குளச்சலில் கடலுக்கு மிக அருகே வலையும் கயிறும் விற்கும் என் அண்ணனின் கடையில், 2012இல் வாங்கிய கணினியில்தான் இன்றும் கணக்கு ஓடுகிறது. உப்புக்காற்று அதை விட்டுவைக்கவில்லை. சென்ற மாதம் கேபினட்டைத் திறந்தபோது திருகுகளைச் சுற்றித் துருவேறியிருந்தது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில், பிராசசருக்கு அருகிலிருந்த இரண்டு கெப்பாசிட்டர்கள் (மின்னைச் சேர்த்துவைக்கும் சிறு பாகங்கள்) தலை உப்பிக் கிடந்தன. போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

நாகர்கோவிலில் பழைய பிராசசரே பொருந்தும் அதே 1155 சாக்கெட் கொண்ட, பயன்படுத்திய பி75 போர்டு ஒன்று கிடைத்தது. போர்டை மாற்றினால் ஃபார்மட் செய்தே ஆக வேண்டும் என்று பலரும் சொல்வதுண்டு. கணக்கு மென்பொருளின் சிடி தொலைந்துவிட்டதால் எனக்கு அந்த வழியே இல்லை. இருந்திருந்தாலும், வின்டோஸ் 10இல் அது பெரும்பாலும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

முதல் முறை இயக்கியதும் நீலத்திரைதான் வந்தது. ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறைகள் இரண்டு: பழைய ஐடிஇ, புதிய ஏஎச்சிஐ. பழைய போர்டில் ஹார்ட் டிஸ்க் ஐடிஇ முறையில் இயங்கியது, புதியதிலோ பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) ஏஎச்சிஐ முறையில் இருந்தது. பயாஸை ஐடிஇக்கு மாற்றி உள்ளே நுழைந்து, வின்டோஸின் தொடக்க அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை (அத்தியாவசிய டிரைவர்களுடன் மட்டும் தொடங்குவதை) தேர்ந்தெடுத்து, மீண்டும் ஏஎச்சிஐ வைத்து ஒருமுறை சேஃப் மோடில் திறந்த பிறகு அந்தத் தேர்வை நீக்கினேன். அத்துடன் அது தீர்ந்தது.

உண்மையான தொல்லை அதன் பிறகுதான். பில் போடும் இரண்டாவது கணினி இதை 192.168.1.10 என்ற நிலையான ஐபி முகவரியில்தான் தேடும். அதைப் புதிய நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்தபோது, அம்முகவரி ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்குரியது என்றது வின்டோஸ். கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த போர்டின் கார்டுதான் அந்த அடாப்டர்! சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்ததும், இப்போது இணைக்கப்படாத சாதனங்களெல்லாம் மங்கிய நிறத்தில் வரிசையாகத் தெரிந்தன: பழைய நெட்வொர்க் கார்டு, ஆடியோ, என்றோ செருகிய பென் டிரைவ்கள்.

மங்கலாகத் தெரிவதையெல்லாம் நீக்கிவிடக் கூடாது. பென் டிரைவ் பதிவுகளால் தீங்கில்லை என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். பழைய ஆடியோவை நீக்கும்போது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று கேட்ட கட்டத்தில் டிக் செய்யவில்லை, ஏனெனில் புதிய போர்டின் ஆடியோவும் அதே நிறுவனத்தின் டிரைவரில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. பழைய நெட்வொர்க் கார்டை மட்டும் டிரைவரோடு நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, ஐபி முகவரியைக் கொடுத்தேன், மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. அண்ணன் அடுத்த மேசையிலிருந்து ஒரு நைலான் கயிற்றுக்குப் பில் போட்டுப் பார்த்தார்.