கூரை ஏறாத வீடுகள்: வடமாகாணத்தில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

பரந்தன் சந்தியால் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் இரண்டு வகை வீடுகள் கண்ணில் படும். ஒன்று, வெளிநாட்டுக் காசில் எழும்பிய இரண்டு மாடி: அலுமினிய யன்னல், மாபிள் பதித்த விறாந்தை, பூட்டிய கேற். மற்றது, லிண்டல் (கதவு யன்னலுக்கு மேல் ஓடும் பீம்) மட்டத்தோடு நின்றுபோன சுவர். அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் குடும்பம் இருக்கும். முதல் வகையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இங்கே எழுதுவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்காக.

சுவர்கள் ஏன் நின்றன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தது. வேலை முன்னேற முன்னேறக் காசு கட்டங்கட்டமாக வந்தது, வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். குறைகள் இருந்தாலும் பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை ஏறியது. 2018, 2019 காலத்து ஏழரை இலட்ச ரூபாய் வீட்டுத்திட்டத்திலோ முதற் கட்டக் காசோடு பலருக்குக் கொடுப்பனவு நின்றது. பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. முந்தைய ஆண்டின் நடுவில் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. கடன்பட்டு அத்திவாரம் போட்டவர்களால் அதற்குமேல் ஒரு வரிக் கல்கூட வைக்க முடியவில்லை. இது அந்தக் குடும்பங்களின் பிழையே அல்ல.

அப்படி நிற்கும் சுவரில் மீண்டும் வேலை தொடங்குபவர்கள் நேரே கல் அடுக்கத் தொடங்கக்கூடாது. ஐந்தாறு மாரி நனைந்த சுவர் அது. மேல்வரிக் கற்களை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் உறுதியான கல் வரும்வரை வரிகளைக் கழற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேல்துரு மட்டும் என்றால் பயமில்லை. செதில் செதிலாகக் கழன்று கம்பி மெலிந்திருந்தால், தூணை நல்ல கம்பி தெரியும்வரை உடைத்துப் புதுக்கம்பி சேர்த்துக் கட்டவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் கம்பியின் விட்டத்தைப்போல் 50 மடங்கு, அதாவது 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 2 அடி. ஓரடி போதும் என்று எந்த மேசன் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த ஆண்டும் முடிக்கக் காசு இல்லையா? சுவரின் தலையை 1:3 சாந்தால் (சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு) ஓரங்குலக் கனத்தில் சரிவாக மூடிவிடுங்கள். வெளியில் நிற்கும் கம்பிக்குச் சீமெந்துப் பால் (நீரில் கரைத்த சீமெந்து) இரண்டு தரம் பூசுங்கள். ஒன்றிரண்டு மூட்டைச் செலவில் சுவர் இன்னும் சில மாரியைத் தாங்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: மண் இடத்துக்கு இடம் மாறுகிறது, அத்திவாரமும் மாறவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் சில அடியிலேயே சுண்ணக்கல் பாறை வந்துவிடும், அதில் கவலை குறைவு. மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி வேறு கதை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களி போனது அங்கிருந்துதான். சீமெந்துக்கு நல்ல மண், வீட்டுக்குக் கெட்ட மண். மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் இரண்டடி ஆழத்தில் கல் அடுக்கினால் இரண்டாவது கோடையில் யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். பூசி மறைத்தாலும் அடுத்த கோடையில் திரும்ப வரும். அங்கே நான்கடியாவது தோண்டி, அடியில் ஓரடி மணலை நீர்விட்டு இறுக்கி, அத்திவாரத்தின் மேல் வீட்டைச் சுற்றி 9க்கு 9 அங்குலப் பீம் ஓட்டுங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி நான்கு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். உள்ளே வயல் மண்ணை நிரப்பாமல் கிரவல் (சரளை மண்) நிரப்புங்கள். வீட்டு நிலம் முற்றத்திலிருந்து இரண்டடியாவது உயரவேண்டும். 2008 நிஷா, 2020 புரெவி புயல்கள் இரண்டிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலவரிடம் கேட்டு, அதற்கும் மேலே வையுங்கள்.

சீமெந்துக் கல் அரிவதில்தான் (அச்சில் வார்ப்பதில்தான்) அதிக ஏமாற்று. 16க்கு 8க்கு 6 அங்குலக் கல் ஒரு மூட்டைச் சீமெந்தில் 20 முதல் 25 வரை அரியலாம். 40 அரிந்தவரின் கல் மலிவாகத்தான் இருக்கும், இடுப்பளவு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் இரண்டாகும். கல்லை ஏழு நாளாவது நனைத்து, இரண்டு கிழமைக்குப் பிறகே சுவரில் ஏற்றவேண்டும். நூறு சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 112 கல் தேவை, உடைவுக்கு ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி மணல். வடமராட்சி கிழக்குக் கரையோர மணல் பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். பூச்சுக்கே அது யோசிக்கவேண்டிய மணல், கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பெரிய இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளும், பிளாற்றின் (தட்டையான கொங்கிறீற்றுக் கூரையின்) அடிப்பக்கம் பாளம் பாளமாக விழும். கரையோரக் கிராமங்களில் இந்தக் காட்சி புதிதல்ல. உவர்க் கிணற்று நீரில் குழைத்தாலும் இதே முடிவுதான், கொங்கிறீற்றுக்காவது நல்ல தண்ணீர் பவுசரில் எடுங்கள். மணலை ஒரு போத்தலில் காய்ச்சி வடித்த நீரோடு (கிணற்று நீரில் உப்பு இருக்கலாம்) குலுக்கி வைத்துத் தெளிந்த நீரில் சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டால், உப்பு இருக்கும்போது பாலாகக் கலங்கும். பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் யாராவது உதவுவார். கடலுக்குக் கிட்ட என்றால் கம்பிக்குக் கீழே ஒன்றேகால் அங்குலக் கட்டையாவது வையுங்கள்.

பிளாற் ஆசை இப்போது எல்லோருக்கும். 600 சதுர அடிக்கு 5 அங்குலப் பிளாற் என்றால் இரண்டரை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கொங்கிறீற். 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், சல்லி) அதற்கு மட்டும் 45 மூட்டைச் சீமெந்து போகும், கம்பியும் பலகையும் தனி. அந்தக் காசுக்கு ஓட்டுக்கூரை, கதவு, மலசலகூடம் எல்லாம் முடியலாம். பிறகு மேல்மாடி கட்டுவோம் என்று விட்ட மொட்டைப் பிளாற், பங்குனி சித்திரையில் இரவு பத்து மணிக்கும் வெக்கையை இறக்கிக்கொண்டிருக்கும். நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய நாற்சார் வீடுகள் குளிர்ந்தது ஓட்டுக்கூரையாலும் முற்றத்தாலும் விறாந்தையாலும். முற்றம் வைக்கக் காணி போதாவிட்டால் மேற்குப் பக்கம் ஆறடி விறாந்தையாவது இறக்குங்கள், சுவரின் தலையில் காற்றுத் துளை விடுங்கள். வைரம் பாய்ந்த பனங்கைமரம் கிடைத்தால் விடாதீர்கள், இளம் பனை உள்ளே சோறாக இருக்கும், உளுத்துவிடும்.

குறைந்த காசுள்ளவர்கள் வரைபடத்தைப் பெரிதாக்காமல், ஓர் அறை, குசினி, மலசலகூடம் மூன்றையும் கூரையோடு முடித்து உள்ளே போங்கள். அடுத்த அறை ஒட்டவேண்டிய பக்கத்தில் அத்திவாரப் பீமின் கம்பியை 2 அடி நீட்டிவிட்டு, துருப்பிடிக்காமல் மெல்லிய சாந்தில் மூடி வைத்தால் போதும்.

மலசலகூடக் குழியைக் கடைசியில் யோசிப்பது குடாநாட்டில் பெருந்தவறு. சுண்ணக்கல்லில் வெடிப்புகள் உண்டு, குழிக்குள் போவது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச்சேரும். ஐந்து பேருக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி நீராழத்தில் இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள், ஏறத்தாழ 2,000 லீற்றர் கொள்ளும். அடியும் சுவரும் ஒழுகாமல் பூசப்படவேண்டும். வழியும் நீரை ஆழக் கிடங்கில் விடாமல், நிலமட்டத்தில் மணலும் சல்லியும் போட்ட பாத்திக்கு விட்டு வாழை வையுங்கள். உங்கள் கிணற்றுக்கு 50 அடி விட்டால் மட்டும் போதாது. வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு எங்கே இருக்கிறது என்று முதலில் போய் அளந்து பாருங்கள், தொட்டிக்கு இடம் குறிப்பது அதன் பிறகு.